எரிமலைக்கு ஓர் உருவப்படம்

1789 மார்ச் 21ஆம் தேதி ஆர்ச்சிபால்ட் பிளேர் அந்தமான் கரையை விட்டுக் கிழக்கே கப்பலைத் திருப்பினார். மூன்று நாள் கழித்து, 24ஆம் தேதி, ஆளில்லாத ஒரு சின்னத் தீவில் கரையிறங்கினார். தீவின் நடுவில் ஒரு கூம்பு மலை நின்றது. அதன் உச்சியிலிருந்து புகை திரள் திரளாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவ்வப்போது நெருப்பாய்ச் சிவந்த கற்கள் மழையாகக் கொட்டின. சில கற்கள் மூன்று, நான்கு டன் எடை இருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். அவை கூம்பின் அடிவாரத்தையும் தாண்டிச் சில நூறு கெஜ தூரத்தில் வந்து கிடந்தன. தீவில் எரிமலையிலிருந்து தள்ளி இருந்த பகுதிகளில்கூடக் கருகிய மரங்களும் வாடிய புதர்களும்தான் இருந்தன.

இப்படி ஓர் இடத்தில் நிற்பவர் வியந்து நாலு வரி எழுதிவைப்பார், அல்லது கப்பலுக்கு ஓடுவார். பிளேர் அளந்தார். கூம்பின் சரிவு 32 பாகை 17 கலை. உயரம் ஏறத்தாழ 1,800 அடி. தீவின் மற்ற பகுதிகளின் உயரமும் அவ்வளவே. கூம்பின் அடிவாரம் தீவிலேயே தாழ்ந்த இடம், கடல் மட்டத்தைவிடக் கொஞ்சம்தான் மேலே. கரையிலிருந்து கால் மைல் தள்ளி 150 பாகம் கயிறு விட்டும் தரை தட்டவில்லை.

பாரன் தீவைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் அளவுகள் இவைதான். போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டரில் இருக்கும் இந்தத் தீவுதான் இன்று இந்திய மண்ணில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. பிளேரின் அளவுகளில் ஒன்று அபாரமாகச் சரி. ஒன்று பெரிய பிழை. எது சரி, எது பிழை என்பதை 230 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் விட்டுப்போன எண்களைக் கொண்டே நம்மால் கண்டுபிடிக்க முடிகிறது. ஒரு நல்ல உருவப்படத்துக்கு நான் கேட்கும் தகுதி இதுதான்: வரைந்தவருக்குத் தெரியாததைக்கூடப் பின்னால் வருபவர் அதிலிருந்து படித்தெடுக்க முடிய வேண்டும்.

பிளேர் அங்கே போனதற்கு எரிமலை காரணமில்லை. நம் சோழமண்டலக் கரைதான் காரணம். 1782, 1783 ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் சதுரங்கப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் திருகோணமலையிலும் கடலூரிலும் திரும்பத் திரும்ப மோதினார்கள். அடிபட்ட கப்பல்களைப் பழுதுபார்க்க இந்தக் கரையில் ஆங்கிலேயருக்கு ஒரு துறைமுகம்கூட இல்லை. சென்னையில் அன்றைக்கு இருந்தது திறந்த கடல். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் கப்பல்கள் அங்கே நிற்க முடியாது. ஹியூஸின் படை குமரியைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. வங்கக் கடலுக்குள்ளேயே புயலுக்கு மறைவான ஓர் ஒதுக்கிடம் வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி தேடியதற்குக் காரணம் அந்த அனுபவம். கம்பெனியின் கடற்படையான பம்பாய் மரைனில் அளவையாளராக இருந்த லெப்டினன்ட் பிளேர், 1788 டிசம்பரில் எலிசபெத், வைப்பர் என்ற இரண்டு கப்பல்களோடு கல்கத்தாவிலிருந்து புறப்பட்டார். சில மாதங்களில் அந்தமான் கரையை அளந்து முடித்தார். 1789 இறுதிக்குள், இன்று மரஅறுவை ஆலைக்குப் பேர்போன சாத்தம் தீவில் காடு வெட்டிக் குடியிருப்பு அமைக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. துறைமுகம் தேடி வந்த அளவையாளரே அதைக் கட்டும் பொறியாளராகவும் ஆக வேண்டியிருந்தது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த நகரம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தாங்கியது அவர் பெயரைத்தான்.

பிளேரின் எரிமலைக் குறிப்பு நம் கைக்கு வந்தது இன்னொருவர் வழியாக. அவர் ராபர்ட் ஹைட் கோல்புரூக், வங்காளப் படையின் அதிகாரி. சம்ஸ்கிருத அறிஞர் ஹென்றி தாமஸ் கோல்புரூக் வேறு. இருவரும் ஒரே ஆய்விதழில் எழுதியதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ராபர்ட் கோல்புரூக் நில அளவையாளர், ஓவியர், போர்க்களம் கண்டவர். திப்பு சுல்தானுக்கு எதிரான மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸின் படையோடு அளவையாளராகப் போய், பெங்களூருக் கோட்டையையும் சாவனதுர்காவின் செங்குத்துப் பாறையையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் வரைந்தார். மைசூர் நாட்டின் பன்னிரண்டு காட்சிகளாக அவை 1790களில் லண்டனில் அச்சாயின. 1794 முதல் வங்காளத்தின் சர்வேயர் ஜெனரல் பொறுப்பையும் பார்த்தார்.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அதற்கு முன்னால் ஓவியம் படைவீரனின் கருவிகளில் ஒன்று. இங்கிலாந்தின் வூல்விச் ராணுவப் பயிற்சிக் கூடத்தில் பீரங்கிப் படை மாணவர்களுக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் வரையக் கற்றுக்கொடுக்க பால் சாண்ட்பி போன்ற தேர்ந்த ஓவியரை வைத்திருந்தார்கள். எந்தச் சரிவில் ஆட்கள் ஏற முடியும், எந்த மேட்டில் பீரங்கியை நிறுத்தலாம், மதிலின் எந்த மூலை பலவீனமானது என்பதைப் படத்தைப் பார்த்துத் தளபதி முடிவெடுக்க வேண்டும். கடலில் இதற்கு இன்னொரு வடிவம் இருந்தது. கப்பலிலிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரியுமோ அப்படியே வெட்டுக்கோடாக வரைந்து, எந்தத் திசையிலிருந்து எத்தனை மைலில் கண்டது என்று கீழே குறிப்பார்கள். மாலுமி அந்தக் கோட்டையும் எதிரே தெரியும் மலைகளையும் ஒப்பிட்டுத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வான். இத்தகைய படங்களைக் கம்பெனிக்காகத் தொகுத்து அச்சிட்ட அலெக்சாண்டர் டால்ரிம்பிள், இளம் எழுத்தராக வேலை தொடங்கியது சென்னை ஜார்ஜ் கோட்டையில். 1795இல் அவர் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் கடல் அளவைத் தலைவரானார்.

கோல்புரூக் அந்த எரிமலையைப் பிளேருக்கு முன்பே பார்த்துவிட்டார். 1787 மே 12 அன்று பினாங்கு நோக்கிப் போன கப்பலில் இருந்தபோது, தீவின் உச்சியிலிருந்து புகைத்தூண் ஒன்று எழுவதைக் கண்டார். தொலைநோக்கி வழியாகப் பார்த்தபோது, தீவின் நடுவிலிருந்த குன்றிலிருந்து அது வருவதும், குன்றைச் சுற்றிப் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதும் தெளிவாகத் தெரிந்தன. காற்று ஓய்ந்து போனதால் கப்பல் நெருங்க முடியவில்லை. பாரன் தீவின் வெடிப்புகளில் தேதியோடு பதிவானவற்றுள் இதுவே முதலாவது. பின்னர் 1789 கடைசியிலும் 1790இலும் அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் போய் வந்தார். தன் குறிப்பையும் பிளேரின் அளவுகளையும் சேர்த்து அவர் எழுதிய சிறு கட்டுரை, எரிமலையின் படத்தோடு, கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் நான்காம் தொகுதியில் 1795இல் வெளிவந்தது.

இனி அந்த எண்களுக்கு வருவோம்.

32 பாகை 17 கலை என்ற சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். களத்தில் நெல்லைக் கொட்டிக்கொண்டே இருந்தால் குவியல் உயர்ந்துகொண்டே போகும். ஆனால் அதன் சரிவு ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாகாது. அந்த அளவைத் தாண்டினால் மேலே இருக்கும் மணிகள் வழிந்து அடிவாரத்துக்கு வந்துவிடும். குவியல் பெரிதாகலாம், சாய்வு மாறாது. இந்தத் தங்கு கோணத்தை முடிவுசெய்வது துகள்களுக்கு இடையிலான உராய்வும் அவற்றின் வடிவமும்தான். குவியலின் உயரத்துக்கு இதில் பங்கே இல்லை. சொரசொரப்பான, கோணல்மாணலான துகள்களுக்குக் கோணம் சற்று அதிகம், வழவழப்பான உருண்டைகளுக்குக் குறைவு. எரிமலை கக்கும் கரிந்த கல்லும் சாம்பலும் குவியும்போது அந்தக் கோணம் பெரும்பாலும் 30 பாகைக்கும் 35 பாகைக்கும் இடையில் விழுகிறது. உலகில் புதிதாக எழுந்த தழல்கல் கூம்புகள் பலவற்றை அளந்த எரிமலையியலாளர்கள் கண்டது இதைத்தான். தங்கு கோணம் என்ற கருத்து பிளேரின் கணக்கில் இருந்திருக்காது; ஆனால் அவர் எழுதிய கோணம் சரியாக அந்த எல்லைக்குள் நிற்கிறது. அந்த 17 கலையை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரே கூம்பில் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையில் ஓரிரு பாகை வித்தியாசம் இருக்கும்.

அந்தக் கோணம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. எரிமலைக் குழம்பு தண்ணியாக ஓடிப் பரவியிருந்தால் ஹவாய்த் தீவுகளைப் போலச் சில பாகை சாய்வுள்ள அகன்ற மேடுதான் உருவாகியிருக்கும். 32 பாகை என்றால் அந்தக் கூம்பு ஆகாயத்திலிருந்து விழுந்த கற்களால் கட்டப்பட்டது. குழம்புக்குள் கரைந்திருக்கும் நீராவியும் பிற வாயுக்களும் மேலே வரவர அழுத்தம் குறைந்து குமிழாகின்றன. சிறு குமிழ்கள் சேர்ந்து பெரிய குமிழாகித் திறப்பில் வெடிக்கும்போது குழம்பைத் துண்டு துண்டாகப் பிய்த்து எறிகின்றன. துண்டுகள் காற்றில் பறக்கும்போதே பாதி இறுகித் திறப்பைச் சுற்றி விழுகின்றன. இத்தாலியின் ஸ்ட்ரோம்போலி தீவில் காலங்காலமாக நடப்பதால் இந்த வகை வெடிப்புக்கு அதன் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த நான்கு டன் கல்லையும் விட்டுவிட வேண்டாம். பசால்ட் பாறையின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. கூம்பின் உச்சியிலிருந்து கிளம்பி அடிவாரத்தைத் தாண்டி 300 மீட்டர் தள்ளி விழ வேண்டும் என்றால், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டாலும், வினாடிக்கு 75 மீட்டருக்குக் குறையாத வேகம் தேவை. மணிக்கு 270 கிலோமீட்டர். சில கற்கள் சரிவில் விழுந்து உருண்டும் துள்ளியும் அவ்வளவு தூரம் வந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இருந்தாலும் இந்த வேகம் ஸ்ட்ரோம்போலி வகை வெடிப்புகளுக்குப் பொருந்தக்கூடியதுதான். பிளேர் பெரிதுபடுத்தி எழுதவில்லை என்று நம்ப இது ஒரு காரணம்.

உயரத்தில்தான் சிக்கல். 1,800 அடி என்றால் 549 மீட்டர். இந்தியப் புவியியல் அளவைத் துறையின் எஃப். ஆர். மாலட் இந்தத் தீவைப் பற்றி 1885இல் ஒரு முழு நூல் வெளியிட்டார். அதற்காகக் கேப்டன் ஹாப்டே 1884இல் தீவை முறையாக அளந்தார். நடுக்கூம்பு ஏறத்தாழ 305 மீட்டர்தான். சுற்றியுள்ள மதில் போன்ற மலையின் மிக உயர்ந்த இடம் 350 மீட்டர் சொச்சம்.

பிளேர் காலத்தில் கூம்பு உயரமாக இருந்து, பிறகு இடிந்திருக்கலாமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. எரிமலைக் கூம்புகள் அப்படிக் குட்டையாவதும் உண்டு. ஆனால் பதில் பிளேரின் கோணத்திலேயே இருக்கிறது. 32 பாகை 17 கலை சாய்வில் ஒவ்வொரு மீட்டர் கிடைத்தூரத்துக்கும் கூம்பு 0.63 மீட்டர் எழும்பும். 549 மீட்டர் எழும்ப வேண்டுமானால் நடுவிலிருந்து அடிவாரம் வரை 869 மீட்டர் வேண்டும். அடியின் குறுக்களவு ஒன்றே முக்கால் கிலோமீட்டர். கூம்பைச் சூழ்ந்த பெரும்பள்ளமான பெருவாயோ விளிம்புக்கு விளிம்பு ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். மதில்கள் உள்நோக்கிச் சரிவதால் தரை இன்னும் குறுகியது. அத்தனை பெரிய கூம்பை அங்கே வைத்தால் சுற்றிப் பள்ளத்தாக்குக்கு இடமே மிஞ்சாது. ஆனால் கோல்புரூக் கப்பலிலிருந்தே பார்த்துச் சொன்னது பெரிய பள்ளத்தாக்கு இருந்ததாக. எனவே கூம்பு ஒருநாளும் 1,800 அடி இருந்திருக்க முடியாது.

பிளேர் இன்னொரு துப்பும் விட்டுப்போயிருக்கிறார். கூம்பும் மற்றப் பகுதிகளும் ஒரே உயரம் என்றார் அல்லவா? சுற்று மதில் மிகப் பழையது. ஒரு நூற்றாண்டில் பெரிதாக மாறாது. அது 350 மீட்டர் என்றால் 1789இல் கூம்பும் அதே அளவு இருந்திருக்கும். அப்போது அடியின் குறுக்களவு 1.1 கிலோமீட்டர். பெருவாய்க்குள் அது வசதியாக அடங்குகிறது, சுற்றிப் பள்ளத்தாக்கும் கிடைக்கிறது. ஆக, படத்தின் விகிதங்கள் எல்லாம் சரி. அளவுகோல் மட்டும் ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டது.

ஏன் அப்படி? கோணத்தை அளக்கக் கண்ணும் கருவியும் போதும். நூறு மீட்டரில் நின்றாலும் இரண்டு கிலோமீட்டரில் நின்றாலும் பக்கவாட்டில் தெரியும் சரிவின் கோணம் ஒன்றுதான். உயரத்துக்கு அது போதாது, மலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் நிற்கும் ஒருவருக்கு 350 மீட்டர் மலையின் உச்சி 10 பாகை உயரத்தில் தெரியும். தான் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் நிற்பதாக அவர் எண்ணிவிட்டால் போதும், அதே 10 பாகையிலிருந்து 549 மீட்டர் உயரம் வந்துவிடும். தரையில் அளவையாளர்கள் முதலில் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் கோணம் எடுத்துத் தூரத்தைக் கணக்கிடுவார்கள். பின்னாளில் சென்னைப் பரங்கிமலையில் லாம்டன் அளந்த அடிக்கோடு அப்படிப்பட்டதுதான். சங்கிலி இழுக்கச் சமதரையே இல்லாத, கல்மழை பொழியும் ஒரு தீவில் அதற்கு வழி ஏது? ஆனால் கோணம் மட்டும் போதுமான இடத்தில் பிழை சிறிதுதான்: தீவின் அகலாங்கு என்று கட்டுரை தருவது 12 பாகை 15 கலை. இன்றைய அளவில் தீவின் நடுப்பகுதி 12 பாகை 17 கலையை ஒட்டி இருக்கிறது. வித்தியாசம் 3 கிலோமீட்டர் சொச்சம். தீவின் அகலமே அவ்வளவுதான். நண்பகல் சூரியனின் உயரத்திலிருந்து கிடைக்கும் அகலாங்கும் வெறும் கோண அளவுதானே.

எண்ணை எழுதி வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு உளவியலிலிருந்தும் சான்று கிடைக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பிராஃபிட்டும் சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மேடுகளின் முன் ஆட்களை நிறுத்திச் சாய்வு எவ்வளவு என்று கேட்டார்கள். 5 பாகை சாய்வை ஏறத்தாழ 20 பாகை என்றும், 10 பாகையை 30 என்றும் சொன்னார்கள். நம் எல்லோர் கண்ணும் மலையைச் செங்குத்தாக்கித்தான் பார்க்கிறது. கண் சொன்னபடி கை வரைந்தால் கூம்பு கோபுரமாகிவிடும். பழைய மலை ஓவியங்களில் நான் காணும் அந்த ஊசிச் சிகரங்களில் பாதி வரைந்தவரின் கற்பனையால் வந்தவை, பாதி எல்லா மனிதருக்கும் உள்ள இந்தப் பார்வைப் பிழையால் வந்தவை என்று நினைக்கிறேன். ஓவியர் கோல்புரூக் தன் படத்தோடு அளவையாளர் பிளேரின் பாகையையும் கலையையும் சேர்த்து அச்சிட்டதை இதனால்தான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். படத்தில் சரிவு எப்படி விழுந்திருந்தாலும் எண் அதைத் திருத்திவிடும்.

கடலுக்குள் விட்ட கயிற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பாகம் ஆறு அடி. 150 பாகம் 274 மீட்டர். கரையிலிருந்து கால் மைலுக்குள், அதாவது நானூறு மீட்டர் சொச்சத்தில், அவ்வளவு ஆழத்திலும் தரை இல்லை என்றால் நீருக்கடியில் சரிவு குறைந்தது 30 பாகை. நீருக்கு மேலே தெரிவது முழு மலையில்லை என்பதைக் கயிற்றின் முனையில் கட்டிய ஈயக்குண்டு அன்றைக்கே சொல்லிவிட்டது. எரிமலையின் அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருப்பதாக இன்றைய கடலடி அளவைகள் காட்டுகின்றன. வெளியே தலைநீட்டும் 350 மீட்டர், மொத்த உயரத்தில் ஏழில் ஒரு பங்கு.

அந்தமானுக்கு மேற்கே கடலடியில் நீளும் அகழியில் இந்தியத் தட்டு பர்மாத் தட்டுக்குக் கீழே சொருகிக்கொண்டு போகிறது. 2004 டிசம்பர் 26இல் நம் கரைகளைச் சுருட்டிய சுனாமியை எழுப்பிய நிலநடுக்கம் நேர்ந்தது இந்த எல்லையில்தான். கீழே போகும் தட்டு தன்னோடு கடல்நீரைச் சுமந்த கனிமங்களையும் கொண்டுபோகிறது. நூறு கிலோமீட்டர் ஆழத்தை நெருங்கும்போது வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. நீர் புகுந்த பாறை, புகாத பாறையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகிவிடும். உருகியது எடை குறைந்து மேலே ஏறுகிறது. அகழிக்குக் கிழக்கே பாரன் தீவும், வடக்கே அடங்கிக் கிடக்கும் நார்கொண்டமும், தெற்கே சுமத்ராவின் எரிமலைகளும் ஒரே வில்லாக வரிசை கட்டி நிற்பது இதனால்தான். பாரன் தீவின் பழைய குழம்புப் படிவுகளை ஆர்கான் முறையில் காலம் கணித்தபோது ஏறத்தாழ 16 லட்சம் ஆண்டுகள் என்று வந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சின்னத் தீவு ஐரோப்பாவின் பெரிய விவாதம் ஒன்றுக்குள்ளும் போனது. கூம்பைச் சுற்றி மதில் எப்படி வந்தது? தரையே குமிழாக உப்பி எழுந்து நடுவில் வெடித்தது என்றார் ஜெர்மானியர் லியோபோல்ட் ஃபான் பூஹ். இல்லை, கல்லும் குழம்பும் படிப்படியாகக் குவிந்துதான் எரிமலை வளர்கிறது என்றார் சார்லஸ் லயல். தன் புவியியல் நூலில் பாரன் தீவின் படத்தையும் சேர்த்தார். வென்றது குவியல் கருத்து. பெரிய மலையாக வளர்ந்த பழைய எரிமலையின் நடுப்பகுதி, அடியிலிருந்த குழம்பறை காலியானதும் உள்ளே சரிந்தது. பின்னர் அந்தப் பள்ளத்துக்குள் புதிய கூம்பு எழுந்தது.

பிளேர் கண்ட எரிமலை பின்னர் நெடுநாள் அடங்கிக் கிடந்தது. 1832ஐ ஒட்டிக் கண்ட செயல்பாட்டுக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆவி கசிந்ததோடு சரி. 1991இல் திடீரென்று வெடித்தது. குழம்பு பெருவாயின் மேற்குத் திறப்பு வழியாக ஓடிக் கடலில் விழுந்தது. பழைய கூம்பின் உச்சி இடிந்து உயரம் குறைந்தது. 1994–95இல் மீண்டும் வெடிப்பு. 2005 மே மாதம் தொடங்கியவை விட்டுவிட்டு இன்றுவரை தொடர்கின்றன. கூம்பு மறுபடி வளர்ந்திருக்கிறது. 2017 ஜனவரி 23இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் சிந்து சங்கல்ப் கப்பலில் அங்கே கடலடி மண் எடுத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சாம்பல் எழுந்தது. நெருங்கிப் பார்த்தபோது ஐந்து, பத்து நிமிடம் நீடிக்கும் சிறு வெடிப்புகளாக வந்துகொண்டிருந்தது. 1803 நவம்பரில் அந்த வழியே போன ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்ற கடலளவையாளர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரும்புகைத் தூண் நேராக எழுந்ததாகக் குறித்திருந்தார். இரு நூற்றாண்டு இடைவெளியிலும் எரிமலை விட்டுவிட்டுத்தான் வெடித்திருக்கிறது. குழாயில் வாயு சேர்ந்து பெரிய குமிழாகி மேலே வர எடுக்கும் நேரம்தான் இத்தகைய வெடிப்புகளுக்குத் தாளம் வகுக்கிறது.

இந்த அளவைகளின் விலையையும் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. துறைமுகம் தேடி வரையப்பட்ட அந்த நிலப்படங்கள்தான் குடியேற்றத்துக்கும் வழிகாட்டின. முதல் குடியிருப்பு 1792இல் வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோயில் மக்கள் மடிந்ததால் 1796இல் கைவிடப்பட்டது. 1858இல் திரும்ப வந்தபோது கைதிகளின் தீவாக வந்தது. அந்த நிலத்துக்கு உரியவர்களான பெரிய அந்தமானியர் தொற்றுநோய்களில் அழிந்து இன்று சில பத்துப் பேராகிவிட்டார்கள்.

அவர்களைப் பற்றியும் கோல்புரூக் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறார். எரிமலைக் கட்டுரை வந்த அதே தொகுதியில் அந்தமான் தீவுகள் பற்றிய அவருடைய கட்டுரையும் இருக்கிறது. அங்கே கேட்டு எழுதிய சொற்பட்டியல் ஒன்றை அதில் தந்திருந்தார். 1858க்குப் பின் போர்ட் பிளேரில் குடியேறியவர்கள் அறிந்திருந்த மக்களின் மொழியோடு அந்தச் சொற்கள் பொருந்தவே இல்லை. அவர் தப்பும் தவறுமாக எழுதிவிட்டார் என்று ஒதுக்கியிருக்கலாம். அந்தமானியரைப் பற்றி 1899இல் பெரிய வரலாற்று நூல் வெளியிட்ட அதிகாரி எம். வி. போர்ட்மன் ஒதுக்கவில்லை. பட்டியலை மற்ற மொழிகளோடு வைத்துப் பார்த்தார். அது ஜாரவா மொழி. சிறிய அந்தமானின் ஓங்கே மொழிக்கு உறவு. இன்று தெற்கு, நடு அந்தமானின் மேற்குக் காடுகளில் வாழும் ஜாரவா மக்கள் 1790இல் போர்ட் பிளேர் துறைமுகத்தை ஒட்டியும் நடமாடினார்கள் என்பது அந்தச் சொற்பட்டியலிலிருந்து தெரிய வந்தது.